‘இட்ஸ் எ ஷேம்’ என்றால் திட்டு அல்ல: இங்கிலாந்து வார்டில் இரக்கச் சொற்களோடு நான் பட்ட பாடு

இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குக் குளிருக்கு என்ன உடுத்த வேண்டும், பெட்டியில் எத்தனை கிலோ ஏற்றலாம், பொன்னி அரிசி எந்த மாதிரியான கடையில் கிடைக்கும் என்பதையெல்லாம் ஏஜென்சிக்காரர்களும் முன்னால் போனவர்களும் அக்கறையோடு சொல்லித் தருகிறார்கள். வலியில் கிடக்கும் ஒரு மனிதரிடம் ஆங்கிலத்தில் எப்படி இரக்கம் காட்டுவது, அதைவிட முக்கியமாக எப்படிக் காட்டக் கூடாது என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தேர்வுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், கூடுதல் ஷிஃப்ட் சம்பளம், வீட்டுக்குக் கட்டிய முன்பணம் என்று கணிசமான தொகையும், நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய பல மாதங்களும் இந்த ஒரு விஷயத்தில் கரைந்தன. எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காவது அது மிஞ்சட்டும் என்பதற்காகவே, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்குப் படித்தேன். பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி. அமைப்பு, இந்தத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 500க்கு 350 மதிப்பெண்ணும், எழுதுதலில் 300 மதிப்பெண்ணும் கேட்கிறது. தேர்வுக் கட்டணம் நம் பணத்தில் 30,000 ரூபாயைத் தாண்டும். பேசுதல் தேர்வில் இரண்டு ரோல் பிளே உண்டு. கையில் தரும் அட்டையைச் சில நிமிடம் படித்துவிட்டு, நோயாளியாகவோ அவருடைய உறவினராகவோ நடிப்பவரோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும். நடிப்பவர் மதிப்பெண் போடுவதில்லை. ஒலிப்பதிவைப் பின்னால் கேட்கும் மதிப்பீட்டாளர்களே போடுகிறார்கள். உச்சரிப்பும் இலக்கணமும் சரளமும் மட்டுமல்லாமல், நோயாளியோடு இணக்கத்தை உண்டாக்குகிறோமா, அவர் நிலையிலிருந்து பார்க்கிறோமா என்பதற்கும் தனியாக மதிப்பெண் இருக்கிறது. என் கதை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

நான் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இணக்கம் காட்டும் வாக்கியங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ‘ஐ ஆம் ஸாரி டு ஹியர் தட்’, ‘ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் ஹவ் யூ ஃபீல்’ என்று தொடங்கி, ‘ஐ பிட்டி யுவர் கண்டிஷன்’, ‘மை ஹார்ட் பிளீட்ஸ் ஃபார் யூ’ என்பது வரை அந்தத் தாளில் இருந்தன. தேர்வில் எனக்கு வந்த நோயாளிக்குச் சர்க்கரை நோயால் கால் விரலை எடுக்க வேண்டிய நிலை. அவர் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்ததும், மனம் உண்மையிலேயே இளகி, ‘ஐ பிட்டி யுவர் கண்டிஷன்’ என்றேன். எதிர்முனையில் ஒரு கணம் பேச்சே இல்லை. அடுத்த ரோல் பிளேயில் ஒரு பாட்டி, தான் இப்போது மகளோடு வந்து தங்கியிருப்பதாகவும் பேரக்குழந்தைகளோடு பொழுது நன்றாகப் போவதாகவும் சொன்னார். தாளில் முதலாவதாக இருந்த வாக்கியம் நாக்கு நுனியிலேயே காத்திருந்ததால், ‘ஐ ஆம் ஸாரி டு ஹியர் தட்’ என்று அதையும் சொல்லிவிட்டேன். பேரக்குழந்தைகளோடு இருப்பதற்கு யாராவது வருத்தம் தெரிவிப்பார்களா? பேசுதலில் 330 வந்தது. மற்ற மூன்றிலும் தேறியிருந்தேன். மதிப்பெண் அட்டையில் காரணம் எழுதியிருக்காது. என் உச்சரிப்புதான் சரியில்லை என்று நானே முடிவு செய்துகொண்டு, இன்னொரு கட்டணம் கட்டி, வாய் வலிக்க உச்சரிப்புப் பயிற்சி செய்தேன். அதற்குள் இங்கிலாந்து மருத்துவமனையில் எனக்காக வைத்திருந்த இடம் அடுத்த குழுவுக்குத் தள்ளிப் போயிற்று.

இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘ஐ பிட்டி யூ’ என்பது நாம் நினைக்கும் பொருளில் ஆங்கிலேயர் வாயில் வருவதே இல்லை. ஒருவரைப் பார்த்து அப்படிச் சொன்னால், ‘உன்னை நினைத்தால் எனக்கு இளப்பமாக இருக்கிறது’ என்பதற்கு மிக அருகில் போய் நிற்கும். சண்டையின் கடைசியில் முகத்தில் அறைவது போலச் சொல்லும் வாக்கியம் அது. ‘மை ஹார்ட் பிளீட்ஸ் ஃபார் யூ’ இன்னும் மோசம். நெஞ்சில் ரத்தம் வடிகிறது என்று நாம் சொன்னால் அது உருக்கம். பிரிட்டனில் இன்றைக்கு அது பெரும்பாலும் கிண்டல். பெரிய சம்பளக்காரர் ஒருவர் வரி அதிகம் என்று அலுத்துக்கொண்டால் அவரிடம் சொல்வார்கள். மனப்பாட வாக்கியத்துக்குப் பதிலாக, நோயாளி சொன்னதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துத் திருப்பிச் சொல்வதுதான் எனக்குப் பின்னால் கைகொடுத்தது. ‘ராத்திரி தூக்கமே இல்லை’ என்று அவர் சொன்னால், ‘தட் மஸ்ட் பி எக்ஸாஸ்டிங், நாட் ஸ்லீப்பிங்’ என்றால் போதும். இதில் பிட்டியும் இல்லை, ஸாரியும் இல்லை. ஆனால் அவர் பேச்சைக் காதில் வாங்கியிருக்கிறோம் என்பது தெரிகிறது.

ஒருவழியாகத் தேறி, யார்க்‌ஷயர் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து, ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வையும் முடித்து, என்.எம்.சி.யின் பதிவு எண்ணான பின் நம்பர் வாங்கி, பதிவு பெற்ற நர்ஸின் தொடக்க நிலையான பேண்ட் 5இல் வார்டில் நின்றபோது, ஆங்கிலம் இனி நம்மை ஒன்றும் செய்யாது என்ற தெம்பு இருந்தது. அந்தத் தெம்பு முதல் வார ஹேண்டோவரிலேயே, அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் நேரத்திலேயே, ஆட்டம் கண்டது. காலை ஷிஃப்டில் ஒவ்வொரு படுக்கையைப் பற்றியும் வேகமாகச் சொல்லிக்கொண்டு போன இரவு நர்ஸ், ஒரு முதியவரைப் பற்றி, ‘ஹி இஸ் ஃபீலிங் எ பிட் ஸாரி ஃபார் ஹிம்ஸெல்ஃப் திஸ் மார்னிங்’ என்றார். அவர் ஏதோ தவறு செய்துவிட்டு வருந்துகிறார் என்று புரிந்துகொண்டு, என் துண்டுச் சீட்டில் அப்படியே குறித்தும் வைத்தேன். உண்மையில் அதற்கு, ஆள் சோர்ந்து, முகம் வாடி, எதிலும் பிடிப்பில்லாமல் கிடக்கிறார் என்று அர்த்தம். சளி பிடித்த குழந்தையையும், ஊசி போட்டுக்கொண்டு வந்த நாயையும்கூட இப்படிச் சொல்வார்கள். தன் மேல் தானே இரக்கப்பட்டுப் புலம்புகிறார் என்ற குத்தலும் இதே வாக்கியத்தில் வரலாம். ‘ஸ்டாப் ஃபீலிங் ஸாரி ஃபார் யுவர்ஸெல்ஃப்’ என்று நேராகச் சொன்னால் அது கண்டிப்புதான். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்கிறவரின் குரலில் இருக்கிறது.

அதே ஹேண்டோவரில் இன்னொரு நோயாளியைப் பற்றி, ‘ஷி இஸ் வெரி பூர்லி’ என்றார்கள். ‘பூர்’ என்று காதில் விழுந்ததும் ஏழை, பாவம் என்ற திசையில் என் எண்ணம் போயிற்று. இங்கே ‘பூர்லி’ என்றால் உடம்பு சரியில்லை. ‘வெரி பூர்லி’ என்று மருத்துவரோ மூத்த நர்ஸோ குரலைத் தாழ்த்திச் சொன்னால், பிழைப்பது கடினம் என்றே பல நேரங்களில் கொள்ள வேண்டும். குடும்பத்தாருக்குப் போன் போடச் சொல்வதற்கு முன்னால் வரும் சொல் அது. சொல் மென்மையாக இருக்கிறதே என்று மெத்தனமாக இருந்துவிடாதீர்கள்.

இனி என்னை அதிகம் அழவைத்த சம்பவம். முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட ஒரு முதியவர் என் பொறுப்பில் இருந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், நன்றாகப் பேசுவார், என் பெயரைச் சரியாகச் சொல்வதற்குத் தனியாகப் பழகிக்கொண்டவர். ஒரு நாள் கட்டு மாற்றும்போது தையல் போட்ட இடம் சிவந்து, ஓரத்தில் பிரிந்திருந்தது. அதைப் பார்த்ததும், நம் ஊரில் யாருக்கு அடிபட்டாலும் செய்வதைப் போல, நாக்கை மேல்வரிசைப் பல்லின் பின்னால் ஒட்டி எடுத்து, ‘ச்சொ, ச்சொ’ என்று உச்சுக் கொட்டினேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ‘வாட் ஆர் யூ டட்டிங் அட் மீ ஃபார்?’ என்றார். ‘டட்டிங்’ என்ற சொல்லே எனக்குப் புதியது. சிரித்து வைத்தேன். சிரித்தது கெட்டதை இன்னும் கெடுத்தது.

நமக்கு உச்சுக் கொட்டுவது இரக்கம். அவர்களுக்கு அதே ஒலி, ‘என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்’ என்ற கண்டனம். பிள்ளை பாலைக் கொட்டினால், வரிசையில் யாராவது முந்தினால், பேருந்து தாமதமானால் எழும் ஒலி. கதைப் புத்தகங்களில் ‘டட் டட்’ என்று எழுத்திலேயே வரும். அந்தப் பெரியவர், காலைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நான் அவரைக் குறை சொல்வதாகவும், பிறகு அவரைப் பார்த்துச் சிரித்ததாகவும் எடுத்துக்கொண்டார். புகைபிடித்ததால்தான் கால் போயிற்று என்று ஏற்கெனவே பல பேரிடம் கேட்டு நொந்திருந்தவர் அவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் அவருடைய மகள் புகார் கொடுத்துவிட்டார்.

வார்டு மேனேஜர் என்னை அறைக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசினார். அவர் குரலில் கடுமை இல்லை. ஆனால் பேச்சின் நடுவே, ‘இட்ஸ் ஸச் எ ஷேம், பிகாஸ் ஹி ரியலி லைக்ட் யூ’ என்றார். நாம் ஒன்றாம் வகுப்பில், சட்டைப் பொத்தான் போடாமல் வந்த பிள்ளையைச் சுற்றி நின்று ‘ஷேம் ஷேம் பப்பி ஷேம்’ என்று பாடி வளர்ந்தவர்கள். ‘ஷேம்’ என்றால் வெட்கக்கேடு என்பது நம் எலும்பில் ஏறியிருக்கிறது. உன் நடத்தை வெட்கக்கேடு என்று அவர் சொல்வதாக எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அவர் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. ‘எஸ், எஸ்’ என்று தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியதும் புகாரை முழுவதும் ஒப்புக்கொண்டதாகப் பதிவாயிற்று. என் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. அது முடியும்வரை, ஓய்வு நாளில் தனிச் சம்பளத்துக்குச் செய்யும் பேங்க் ஷிஃப்டுகள் எனக்கு இல்லை என்றார்கள். ஊருக்கு அனுப்ப வேண்டிய நகைக் கடன் தவணைக்கு நான் நம்பியிருந்தது அந்த ஷிஃப்டுகளைத்தான். கூட்டிப் பார்த்தால் 1,000 பவுண்டுக்குக் குறையாமல் கைவிட்டுப் போயிருக்கும்.

விஷயத்தை எனக்கு உடைத்துச் சொன்னவர் பக்கத்து வார்டில் இருந்த ஒரு மலையாளி அக்கா. அவரும் உச்சுக் கொட்டும் ஊரிலிருந்து வந்தவர்தான். வந்த புதிதில் அவருக்கும் இதே அனுபவம் நேர்ந்ததாம். ‘இட்ஸ் எ ஷேம் என்றால் வருத்தமான விஷயம், இப்படி ஆகிவிட்டதே என்று அர்த்தம் மோளே, உன்னைத் திட்டவில்லை’ என்றார். ‘வாட் எ ஷேம்’, ‘வாட் எ பிட்டி’ இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இவற்றில் வெட்கமும் இல்லை, யார் மீதும் பரிதாபமும் இல்லை. மழையால் திருமண விருந்தைத் தோட்டத்தில் வைக்க முடியவில்லை என்றாலும் ‘வாட் எ ஷேம்’தான், கடையில் பிடித்த ரொட்டி தீர்ந்துவிட்டாலும் ‘வாட் எ பிட்டி’தான். ‘ஷேம் ஆன் யூ’ என்பதுதான் திட்டு. ஒரு சிறு ‘ஆன் யூ’ வந்து ஒட்டிக்கொள்வதில் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது.

அன்றிலிருந்து எந்த இரக்கச் சொல்லைக் கேட்டாலும், அதன் முனை எதை நோக்கியிருக்கிறது என்று பார்க்கப் பழகிக்கொண்டேன். நடந்துவிட்ட நிகழ்ச்சியை நோக்கியிருந்தால் ஆபத்தில்லை. அங்கே இல்லாத மூன்றாம் மனிதரை நோக்கியிருந்தால் பெரும்பாலும் அன்பு. எதிரில் இருப்பவரை நோக்கியிருந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அது மேலிருந்து கீழே பார்ப்பதாக அவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. ‘பூர் திங்’ என்று, ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருக்கும் நோயாளியைப் பற்றி நாம் நமக்குள் பேசிக்கொள்ளலாம். அவருடைய முகத்துக்கு நேராக, அதுவும் நம்மைவிட வயதில் மூத்தவரிடம் ‘யூ பூர் திங்’ என்று சொல்வதற்கு, யார்க்‌ஷயர் பாட்டிகளுக்கு இருக்கும் உரிமை நமக்கு வர வெகுநாள் ஆகும். ‘ஐ ஃபீல் ஸாரி ஃபார் ஹர்’ என்று அங்கே இல்லாதவரைப் பற்றிச் சொல்லலாம்; ‘ஐ ஃபீல் ஸாரி ஃபார் யூ’ என்று ஒருவரிடமே சொன்னால், ‘ஐ பிட்டி யூ’வின் தங்கை அது. ‘பூர் யூ’ நண்பர்களுக்கிடையில் தலைவலிக்கும் சளிக்கும் செல்லும். இழுத்து, ‘பூ...ர் யூ’ என்றால் கேலி.

‘ப்ளெஸ் ஹிம்’, ‘ப்ளெஸ் ஹர்’ என்பதை வார்டில் ஒரு ஷிஃப்டுக்குள் பல முறை கேட்கலாம். கடவுளின் ஆசிக்கும் அதற்கும் இப்போது தொடர்பு அறுந்துவிட்டது. மறதி நோய் உள்ள தாத்தா நர்ஸையே தன் மனைவி என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டால் ‘ப்ளெஸ் ஹிம்’ என்பார்கள். அதில் கனிவு உண்டு. ஆனால் வேலை தெரியாமல் தடுமாறும் புது ஊழியரைப் பற்றி ‘ஷி டஸ் ட்ரை, ப்ளெஸ் ஹர்’ என்றால், முயற்சி இருக்கிறது, சரக்கு இல்லை என்று பொருள். என்னைப் பற்றி அப்படிச் சொன்னதைக் கேட்டுப் பாராட்டு என்று மகிழ்ந்து, அதை அம்மாவிடம் போனில் சொல்லவும் செய்தேன்.

பிட்டி என்ற சொல் இருந்தும் பிட்டியே இல்லாத வழக்குகளும் உண்டு. கணினி உறைந்து நின்றபோது ஒரு மருத்துவர் ‘ஃபார் பிட்டீஸ் ஸேக்!’ என்று மேசையைத் தட்டினார். அது வெறும் எரிச்சல். ‘ஸம்படி டேக் பிட்டி ஆன் மீ அண்ட் மேக் மீ எ டீ’ என்று ஒரு மூத்த நர்ஸ் கேட்டால் அவர் பரிதாப நிலையில் இல்லை, விளையாட்டாகத் தேநீர் கேட்கிறார். போட்டுக் கொடுத்தால் நட்பாகிவிடும். ‘ஹி நெவர் மேரிட், மோர்ஸ் தி பிட்டி’ என்று ஒரு பாட்டி தன் மகனைப் பற்றிச் சொன்னது, ‘இப்படி ஆகிவிட்டதே’ என்ற ஆதங்கம். நாளைக்கு எனக்கு ஓய்வு நாள் என்று சொன்னபோது ஒரு நோயாளி ‘பிட்டி’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். நீ இருந்தால் நன்றாக இருக்கும் என்பதே அது. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பாராட்டு என்று அதைத்தான் சொல்வேன்.

‘பெதெடிக்’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ‘பேஷன்ட்ஸ் கண்டிஷன் இஸ் வெரி பெதெடிக்’ என்று நம் ஊர் மருத்துவமனைகளில் சாதாரணமாகச் சொல்வோம். கேட்பவரும் பரிதாபமான நிலை என்று சரியாகவே புரிந்துகொள்வார். அந்தச் சொல்லுக்கு முன்பு அந்தப் பொருள் இருந்ததும் உண்மை. இன்றைக்கு இங்கிலாந்தில் அது ‘கேவலம், கையாலாகாத்தனம்’ என்ற வசவு. ‘பிட்டிஃபுல்’ என்பதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. சம்பள உயர்வு பிட்டிஃபுல் என்றால் அற்பத் தொகை என்று பொருள். ஒரு மனிதரை ‘ஸேட்’ என்று சொன்னால்கூட, துயரத்தில் இருக்கிறார் என்பதைவிட வாழ்வில் ஒன்றுமில்லாத ஆள் என்ற இளக்காரம் தொனிக்கலாம். நோயாளியின் குறிப்பில் இந்த மூன்றையும் எழுதவே எழுதாதீர்கள். ‘டிஸ்ட்ரெஸ்ட்’, ‘டியர்ஃபுல்’, ‘லோ இன் மூட்’ என்பவைதான் அங்கே எழுதும் சொற்கள்.

இந்தச் சொற்கள் ஏன் இவ்வளவு கூர்மையாக இருக்கின்றன என்பதை எனக்குப் புரியவைத்தவர் சக்கர நாற்காலியில் வாழும் ஒரு நோயாளி. எனக்கு நேர்ந்த புகாரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் நான் பேசியபோது, அவர் 1992இல் லண்டனில் நடந்த ஒரு போராட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஐ.டி.வி. தொலைக்காட்சி ‘டெலிதான்’ என்ற பெயரில், உடல் ஊனமுற்றவர்களைக் கண்ணீர் வரவழைக்கும் விதமாகக் காட்டி நன்கொடை திரட்டிவந்தது. 1990லும் 1992லும் ஊனமுற்றவர்களே திரண்டு வந்து அந்த ஸ்டுடியோவின் முன்னால் போராடினார்கள். ‘பிஸ் ஆன் பிட்டி’ என்பது அவர்கள் முழக்கம். சட்டையிலும் அச்சடித்து அணிந்திருந்தார்கள். உங்கள் இரக்கத்தின் மேல் சிறுநீர் கழிக்கிறோம் என்பதை இதற்கு மேல் நாகரிகமாகத் தமிழில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 1992க்குப் பிறகு அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை. பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டப்படுவதை எதிர்த்து உரிமை கேட்ட ஒரு தலைமுறை இந்த நாட்டில் இருக்கிறது, அவர்களில் பலர் இன்று முதியவர்களாக நம் வார்டுகளிலேயே படுத்திருக்கிறார்கள் என்பது தெரிந்த பிறகு, பேருந்து ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இருக்கவில்லை.

இரக்கத்தைச் சொல்லாகச் சொல்லாமல் செயலாகக் காட்டுவதே அங்கே மேல். ‘ஓ டியர்’ என்ற சிறு சொல் நம் உச்சுக்கொட்டலுக்கு மிகச் சரியான மாற்று. சிந்திய தேநீருக்கும் செல்லும், பிரிந்த தையலுக்கும் செல்லும், யாரையும் குறை சொல்லாது. ‘தட் லுக்ஸ் ஸோர்’ என்று காயத்தைப் பற்றிச் சொல்லலாம், அது ஆளைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. பிறகு, ‘வலி மாத்திரை கொண்டு வரட்டுமா’ என்று கேட்டுவிட வேண்டும். நாக்கின் பழக்கத்தை மாற்றத்தான் எனக்குக் காலம் பிடித்தது. இன்றைக்கும் கட்டுப் பிரிக்கும்போது நாக்கை மேலண்ணத்தில் ஒட்டாமல் வைத்துக்கொள்வதில் பாதி கவனம் போகிறது.

‘ஸாரி’யைப் பற்றி நேர்மாறான பயம் எனக்கு இருந்தது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் நோயாளியின் குடும்பத்தாரிடம் எதற்கும் ஸாரி சொல்லிவிடாதே, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பழக்கியிருந்தார்கள். அதனால், ஓர் அம்மா கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்தபோது, அவருடைய மகனிடம் விவரம் அனைத்தையும் சொன்ன நான் ஸாரியை மட்டும் சொல்லவில்லை. அவர் கொதித்துப் போனார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது. சிகிச்சையில் பெரிய தீங்கு நேர்ந்தால் நோயாளியிடம் வெளிப்படையாகப் பேசி மன்னிப்புக் கேட்க வேண்டியது மருத்துவமனையின் சட்டக் கடமை என்று இங்கிலாந்தில் 2014இலிருந்து விதியும் இருக்கிறது. ‘ஐ ஆம் ஸாரி திஸ் ஹேஸ் ஹேப்பண்ட் டு யுவர் மம்’ என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ‘ஐ ஆம் ஸாரி இஃப் யூ ஃபீல் தட் வே’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. தப்பு உங்கள் மனத்தில்தான் என்று அதற்கு அர்த்தம்.

மரணத்துக்கு ‘ஐ ஆம் ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ்’ போதும், கூடவே இறந்தவரைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரு நல்ல வார்த்தை. ‘ஹி யூஸ்ட் டு டெல் அஸ் அபௌட் ஹிஸ் பிஜியன்ஸ்’ என்று ஒரு மகளிடம் சொன்னபோது, வேறெந்த வாக்கியமும் செய்யாததை அது செய்தது. எழுத்தில் அனுதாபம் தெரிவிக்க, கடைகளில் ‘வித் டீப்பஸ்ட் ஸிம்பதி’ என்று அச்சடித்த அட்டைகள் கிடைக்கும்; வார்டில் எல்லோரும் கையெழுத்திட்டு அனுப்புவது வழக்கம்.

அட்டையில் இவ்வளவு இதமாக இருக்கும் இந்த ஸிம்பதிதான், அலுவலகக் கடிதத்தில் என் பணத்தைக் கொண்டுபோனது. என் கணவரின் விசா தாமதமானபோது, நாங்கள் பேசி வைத்திருந்த வாடகை வீட்டுக்குக் குறித்த நாளில் கையெழுத்திட முடியவில்லை. வீட்டைப் பிடித்து வைப்பதற்காகக் கட்டும் முன்பணம் இங்கிலாந்தில் ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது; கட்டியதிலிருந்து 15 நாளுக்குள் ஒப்பந்தம் முடிய வேண்டும், வேறு தேதியை இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டால் தவிர. என் நிலைமையை விளக்கி அவகாசம் கேட்டு எழுதியதற்கு, வீட்டு ஏஜென்சியிலிருந்து ‘வி டூ ஸிம்பதைஸ் வித் யுவர் ஸிச்சுவேஷன்’ என்று தொடங்கும் பதில் வந்தது. நம் கஷ்டம் புரிந்துவிட்டது, அவகாசம் கொடுத்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். கீழே இருந்த ‘ஹவ்எவர்’ என்ற பத்தியின் நடையில், அது மறுப்பு என்பதே எனக்கு உறைக்கவில்லை. வீடும் போயிற்று, 170 பவுண்டும் போயிற்று. வங்கியோ கவுன்சிலோ வீட்டு ஏஜென்சியோ ‘வி ஸிம்பதைஸ்’, ‘வி அப்ரிஷியேட் திஸ் இஸ் டிஃபிகல்ட்’ என்று எழுதினால், அந்த வரியைத் தாண்டி ‘பட்’ அல்லது ‘ஹவ்எவர்’ எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இருந்தால் உங்கள் கோரிக்கை அநேகமாக மறுக்கப்பட்டுவிட்டது. சந்தேகம் இருந்தால் அன்றைக்கே, ‘அவகாசம் உண்டா இல்லையா, உண்டென்றால் எந்தத் தேதி வரை’ என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, தேதி எழுதிய பதில் வரும்வரை விடாதீர்கள்.